வெள்ள அறிவித்தலை ஆட்டோவில் சொல்லும்போது

மாரியில் மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தின் மிகைநீரை வெளியேற்ற வான்கதவு திறந்தால், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குள் ஒலிபெருக்கி ஆட்டோ ஓடவேண்டிவரும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் கடக்கும். முன்னும் பின்னும் 50 மீற்றர் தெளிவாகக் கேட்டாலும் ஒரு வளவுக்குக் கிடைப்பது 18 செக்கன்தான். திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவித்தல் பாதியிலிருந்து கேட்கத் தொடங்கினாலும் ஒருதரமாவது முழுதாகக் காதில் விழ, அது 9 செக்கனுக்குள் முடியவேண்டும். பத்துப் பன்னிரண்டு சொல். ‘பொதுமக்களின் கவனத்திற்கு’ என்று இழுத்தால் முக்கியமானது அடுத்த வீட்டுக்குத்தான் கேட்கும்.

“பின்னேரம் 4 மணிக்கு உன்னிச்சை வான்கதவு திறக்கப்படும். ஆற்றோரம் இருக்கிறவங்க பாடசாலைக்குப் போங்க.”

எந்தப் பாடசாலை என்று பெயரையும் சொல்லுங்கள். ‘கொஞ்ச நேரத்தில்’ என்பது கட்டாயம் வேண்டாம். சந்திகளில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இரண்டு தரம் சொல்லுங்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஒட்டினால் சொற்கள் இரையும்.