மாசுபட்ட மனையைச் சுத்தம் செய்யப் பழைய லயபிலிட்டி பாலிசி உதவுமா?

மதுரையில் சாயப்பட்டறை ஓடிய மனை, திண்டுக்கல்லில் பூட்டிக் கிடக்கும் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை), டேங்க் எடுக்காமலே மூடிய பெட்ரோல் பங்க். இந்த மாதிரி இடங்களை விற்கப் போகும்போதுதான் மண்ணும் போர்க் கிணற்றுத் தண்ணீரும் கெட்டிருப்பது வெளியே வரும். தொழில் ஓடிய காலத்தில் லயபிலிட்டி பாலிசிக்கு (நம்மால் பிறருக்கு ஆகும் கெடுதலுக்கான காப்பீடு) கட்டிய பிரீமியத்துக்கு இன்றைக்கு மதிப்பு உண்டா என்றால், சில இடங்களில் உண்டு. மண்ணைத் தோண்டுவதற்கு முன்னால் பாலிசியைத் தேடி, அதில் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள்.

முதலாவது, பாலிசி எந்தத் தேதியைப் பார்க்கிறது என்பது. அமெரிக்காவில் 1986-க்கு முந்தைய லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் சம்பவ அடிப்படையில் எழுதப்பட்டவை. பாதிப்பு அந்த வருடத்தில் நடந்திருந்தால், முப்பது வருடம் கழித்துக் கேட்டாலும் அந்த வருடத்துப் பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். அங்கே பழைய பாலிசியை வைத்து நிலத்தைச் சுத்தம் செய்ய முடிவது இதனால்தான். அந்த நம்பிக்கையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். நம் தொழிற்சாலை பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் கிளெய்ம் வரும் தேதியைப் பார்ப்பவை. இடைவிடாமல் புதுப்பித்து, ஷெட்யூலில் (பாலிசியின் விவரப் பட்டியலில்) எந்தப் பழைய தேதி முதலான பாதிப்பு செல்லும் என்று குறித்திருந்தால்தான் பழைய பாதிப்புக்கு இடம் உண்டு. ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்திருக்கலாம்.

இரண்டாவது, மாசு விலக்கு, அதாவது மாசால் வரும் கெடுதலுக்குப் பணம் தர மாட்டோம் என்ற ஷரத்து. மெல்ல மெல்லக் கசிந்ததற்குப் பணம் வராது. கூடுதல் பிரீமியம் கட்டி 'திடீரென, தற்செயலாக' நடக்கும் மாசை எண்டார்ஸ்மென்ட்டில் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் ஷரத்தில்) சேர்த்திருந்தால், தொட்டிக் கரை உடைந்தது, டேங்க் வெடித்தது போன்றவை உள்ளே வரும். மூன்றாவது, சொந்தச் சொத்து விலக்கு. லயபிலிட்டி பாலிசி பக்கத்துக்காரருக்கு ஆன கெடுதலுக்குத்தான். உங்கள் வேலிக்குள் இருக்கும் மண்ணுக்கு இல்லை. ஆகவே கிளெய்மின் மையம் வேலியைத் தாண்டிய நிலத்தடி நீராக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 'என் நிலத்து மண்ணை அள்ள இவ்வளவு செலவு' என்று எழுதி அனுப்பினால், மறுப்புக் கடிதத்துக்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

1991 பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி எடுத்த பாலிசியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஆபத்தான ரசாயனம் கையாளும்போது நடக்கும் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு உடனடி நிவாரணம் தருவது. ஐந்து வருடத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். சட்டம் வந்தபோது தனியார் சொத்துச் சேதத்துக்கு வைத்த உச்சம் 6,000 ரூபாய்தான்.

இன்னொன்று: பாலிசி நிலத்தோடு வருவதில்லை. அது எடுத்தவருடைய ஒப்பந்தம். மனையை வாங்கியவர் நேராகக் கிளெய்ம் போட முடியாது. பழைய நிறுவனமோ அதன் பங்குதாரர்களோ வழியாகத்தான் போக வேண்டும். கிரயம் எழுதுமுன்பே பழைய பாலிசிக் காகிதங்களை ஒப்படைக்கவும், கிளெய்முக்கு ஒத்துழைக்கவும் ஒரு ஷரத்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலிசி வீட்டுப் பீரோவில் இருக்காது. முதலில் ஆடிட்டரிடம் பழைய லெட்ஜரைக் கேளுங்கள். 'இன்சூரன்ஸ்' கணக்கில் தேதி, தொகை, கம்பெனி பெயர் கிடைக்கும். அதை வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குப் போங்கள். வங்கிக் கோப்பில் இருப்பது பெரும்பாலும் தீ பாலிசிதான், அது இந்த வேலைக்கு உதவாது. ஆனால் எந்தக் கிளை, எந்த ஏஜெண்ட் என்பது தெரிந்துவிடும். லயபிலிட்டியும் அநேகமாக அதே கிளையில்தான் எடுத்திருப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (ஆலை நடத்தத் தரும் அனுமதி) கோப்பையும் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியே இப்போது இல்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம். 1973-ல் பொதுக் காப்பீடு தேசியமானபோது 107 கம்பெனிகள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கில் சேர்ந்தன. பழைய பெயர் எதில் சேர்ந்தது என்று அங்கேயே கேட்கலாம். நான்குமே பொதுத்துறை என்பதால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பாலிசி எண்ணுக்குரிய நகலைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கிளெய்ம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, பள்ளப் பக்கம் குறைந்தது இரண்டு கிணறு, எல்லாவற்றிலும் ஒரே நாளில் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும். மேட்டுக் கிணறு இல்லாவிட்டால் 'இந்தப் பக்கத்துத் தண்ணீரே உப்புத்தான்' என்று சொல்லிவிடுவார்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) விஷயத்தில் அது பல ஊர்களில் உண்மையும்கூட. தோல் ஷாப் என்றால் குரோமியத்தைப் பிடியுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு ஐ.எஸ். 10500 (இந்தியக் குடிநீர்த் தரநிலை) வைத்த அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நம் பக்கம் கடினப் பாறை. தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடும். பக்கத்துப் போர் சுத்தமாக இருந்து, நான்காவது தோட்டத்துப் போர் கெட்டிருக்கலாம். ஒரு கிணற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

தேங்கிய தண்ணீரைப் பிடித்தால் முடிவு செல்லாது. ஆறரை அங்குலப் போரில் ஓர் அடி தண்ணீர் சுமார் 6.5 லிட்டர். 100 அடி நின்றால் 650 லிட்டர். அதைப் போல மூன்று மடங்கு, ஏறக்குறைய 2,000 லிட்டர், இறைத்துவிட்டுத்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆறு இணைதிறக் குரோமியத்துக்கு (குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவம்) தனிப் பாட்டில். அதில் அமிலம் கூடாது, ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள ஆய்வகமாக இருக்கட்டும். யார் பிடித்தார், யார் கையில் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் கையெழுத்து வாங்குங்கள்.

முடிவு வந்த உடனே, பணத்தொகை தெரியாவிட்டாலும், பாலிசி எடுத்தவர் பெயரில் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். ஒரே கம்பெனியில் பல வருடப் பாலிசி இருந்தால் எல்லா எண்ணையும் குறிப்பிடுங்கள். எந்த வருடம் பொருந்தும் என்பது பின்னால்தான் தெளிவாகும். கம்பெனி அனுப்பும் சர்வேயர் (இழப்பை மதிப்பிடுபவர்) பார்க்கும் வரை மண்ணை அள்ளக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரருக்கு 'நானே சரி செய்து தருகிறேன்' என்று எழுதிக் கொடுப்பதும் கூடாது. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றால் அதையே காட்டி மறுக்கலாம். பாதிக்கப்பட்ட விவசாயி குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது இது கடுமையாகத்தான் தெரியும். லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்யுங்கள், பொறுப்பை ஏற்பதாக எழுதாமல் செய்யுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கம்பெனி மறுத்தால் மறுப்புத் தேதியிலிருந்து சிவில் வழக்குக்கு மூன்று வருடம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம்தான். பாதிக்கப்பட்டவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம். அங்கே பழைய உரிமையாளர் மேல் வரும் உத்தரவு, அவருடைய பாலிசிக் கம்பெனியிடம் காட்டக்கூடிய வலுவான காகிதம். வழக்கு நோட்டீஸ் அவர் கைக்கு வந்த அன்றே நகல் கம்பெனிக்குப் போயிருக்க வேண்டும்.