உங்கள் ஊர் பழைய பேக்கரியின் கதையை எழுதி வைப்பது எப்படி

எங்கள் அப்பா தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் இருபத்தெட்டு வருடம் ராத்திரி வேலை பார்த்தார். விடியற்காலையில் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் சீனி வாசமும் விறகுப் புகையும் சேர்ந்து இருக்கும். அந்தக் கடை எப்போது தொடங்கியது, அவருக்கு எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் போடக் கற்றுக் கொடுத்தது யார், எதுவுமே எனக்குத் தெரியாது என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. அதன்பின் இரண்டு வருடம் விசாரித்து, கடையின் கதையை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி முடித்தேன். உங்கள் ஊரிலும் ஐம்பது, அறுபது வருடமாக பன் சுட்டு டீ ஆற்றிக்கொண்டிருக்கும் கடை ஒன்று இருக்கும். அதை எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு, நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் நேரம் பார்த்துப் போங்கள். நான் முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், டீக்கு நிற்பவர்கள், பார்சல் கட்டச் சொல்பவர்கள். யாருக்கும் என்னிடம் பேச நேரமில்லை. மத்தியானம் இரண்டரை மணிதான் சரியான நேரம். காலை வியாபாரம் ஓய்ந்து, பெஞ்சில் ஆள் இல்லாமல், கல்லாவில் இருப்பவரே கண் அசருகிற நேரம். ஒரு டீ, ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நோட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. முதலாளியிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் பெரும்பாலும் கிடைப்பது தாத்தா பெயர், மாலை போட்ட படம், திறப்பு விழாவுக்கு வந்தவர் யார் என்கிற மாதிரி விஷயங்கள். கடையின் உண்மையான கதை பின்பக்கம் இருக்கிறது. மாவு பிசைந்தவர், டீ மாஸ்டர், உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடிக்கிற அக்கா, தினமும் முட்டை கொண்டுவந்து இறக்கியவர், இவர்களிடம்தான்.

அவர்களிடம் “கடையோட வரலாறு சொல்லுங்க அண்ணாச்சி” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வரலாறு என்றால் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துக்கொள்வார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். அப்பாவோடு வேலை பார்த்த பேக்கரி மாஸ்டரிடம் நான், “மழைக்காலத்துல மக்ரூன் எப்படிப் போடுவீங்க?” என்று கேட்டேன். ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை.

எங்கள் ஊர் மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி இந்த மூன்றுதான். வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. சீனி சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடித்து, முந்திரிப் பொடியைத் தூவி, நுரை அமுங்காமல் கலக்க வேண்டும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதற்குள் அடைத்து, தட்டில் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிவார்கள். மாஸ்டர் பேசிக்கொண்டே, கையில் ஒன்றும் இல்லாமலேயே, கட்டைவிரலால் அமுக்கி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி மேலே இழுத்துக் காட்டினார். அப்படிச் சுண்டுவதில்தான் நுனி கூராக நிற்கும். அப்பா எங்களுக்குச் சோற்றில் நெய் விடும்போதும் மணிக்கட்டை அப்படித்தான் சுண்டுவார். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். “ரொட்டியெல்லாம் சுட்டு எடுத்தப்புறம் தீயை வெளிய இழுத்துருவோம்மா. மிச்சச் சூட்டுலதான் மக்ரூன். ராத்திரி முழுக்க உள்ளயே கிடக்கும்.” மக்ரூன் வேகுவதைவிட உலர்வதுதான் அதிகம். அதற்கு இளஞ்சூடு நெடுநேரம் வேண்டும். ரொட்டி சுட்ட பெரிய விறகு அடுப்பு அதைச் செலவில்லாமல் கொடுத்தது. ரொட்டி வியாபாரம் இருந்ததால்தான் எங்கள் கடையில் மக்ரூன் வந்தது என்பது இந்த ஒரு பதிலில் புரிந்தது. மழைக்காலத்துக்கும் பதில் இருந்தது: ஈரக்காற்று பட்டால் மக்ரூன் பிசுபிசுத்துவிடும் என்பதால், எடுத்த சூடு ஆறியதும் தகர டின்னில் அடைத்துவிடுவார்களாம். ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும், எந்த மணிக்கு எது அடுப்புக்குள் போகும் என்று ஒரு அட்டவணை எழுதி வாங்குங்கள். மஞ்சள்கரு எங்கே போனது, விறகு எங்கிருந்து வந்தது, அடுப்பை மாற்றிய அன்று யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

வருடக் கணக்கு சொல்லும்போது எல்லோரும் தடுமாறுவார்கள். அது இயல்பு. “எந்த வருஷம்?” என்று நெருக்காமல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1984-ல் இந்திரா காந்தி இறந்தது, 1987-ல் எம்.ஜி.ஆர். இறந்தது. “எம்.ஜி.ஆர். செத்தப்ப கடை அடச்சிருந்தோம், அப்ப இந்த ஷோகேஸ் வரல” என்று உடனே பதில் வரும்.

விலையும் உதவும், ஆனால் கவனம் வேண்டும். 1957 ஏப்ரல் 1-ல் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்த பிறகும் 25 பைசாவை நாலணா என்றேதான் சொன்னோம். அதனால் ‘நாலணா பன்’ என்பதை வைத்து வருடத்தை முடிவு செய்யாதீர்கள். ‘முக்காலணா’, ‘காலணா’ என்று வந்தால் நிஜமாகவே பழையது.

பழைய அட்டைப்பெட்டி, பில், லைசென்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். முகவரியே வருடம் சொல்லும். மதராஸ் மாநிலம் என்று இருந்தால் 1969-க்கு முந்தையது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. எங்கள் ஊரில் திருநெல்வேலி மாவட்டம் என்று அச்சடித்திருந்தால் 1986 அக்டோபருக்கு முன், சிதம்பரனார் மாவட்டம் என்றால் அதற்குப் பின் 1997 வரை. போர்டில் ‘நிலையம்’ என்பதன் லை, யானைத் துதிக்கை மாதிரி சுருண்ட பழைய கொம்போடு இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதியதாக இருக்கலாம். சில பெயிண்டர்கள் பழக்கத்தில் அப்புறமும் அப்படித்தான் எழுதினார்கள், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி, ஊரே சொல்லும் கதைகள். எங்கள் ஊரில் “மக்ரூன் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது” என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது உண்மை. முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்களே. ஆனால் 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. அதற்கும் ஒரு அறுபது வருடக் கடைக்கும் நடுவில் முந்நூறு வருடம் கிடக்கிறதே! அந்த இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள். “உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? அவருக்கு யார்?” என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். எங்கள் மாஸ்டரின் குரு கொழும்பில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எனக்கு இரண்டு படிதான் கிடைத்தது. அந்த இரண்டை மட்டும் எழுதினேன். ஊர்க்கதையை ‘ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று தனியாக எழுதினேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். காகிதங்களைப் பார்த்த அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். முதலாளி வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பழைய கணக்கு நோட்டுகள் இருந்தன. நிதானமாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்டுகள் கூழாகிவிட்டன. நான் ஏற்கெனவே எடுத்திருந்த பதினோரு படங்கள்தான் மிச்சம். அதில் ஒன்றில், ராத்திரிச் சம்பளப் பட்டியலில் அப்பா பெயரும் கையெழுத்தும் இருக்கிறது.

எழுதி முடித்ததும் யாரிடம் கேட்டீர்களோ அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் சொந்த விஷயத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். நான் மத்தியானம் கடை பெஞ்சில் வைத்து வாசித்தேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, “மூணு தட்டுன்னு எழுதியிருக்க, நாலும்மா. உங்கப்பா எப்பவும் நாலு தட்டு போட்டுட்டுத்தான் டீ குடிப்பான்” என்றார். அங்கேயே திருத்தி எழுதி, ஒரு பிரதியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.