இஸ்தான்புல் பழைய நகரம்: முதல்முறை போகிறவர்கள் எந்த வரிசையில் பார்ப்பது?

இஸ்தான்புல்லில் இறங்கியதும் பெரும்பாலானவர்கள் நேராக ஹாகியா சோபியா வாசலில் போய் வரிசையில் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன் பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போட்ரோம் என்ற பழைய தேரோட்டப் பந்தய மைதானத்தில் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். 532-ல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனுக்கு எதிராக அங்கே வெடித்த நிகா கலவரத்தில்தான் பழைய தேவாலயம் எரிந்தது. இன்றைய ஹாகியா சோபியா அந்தச் சாம்பலின் மேல் எழுந்தது. அதனால் நம் நடையும் மைதானத்திலிருந்தே தொடங்கட்டும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

ஓட்டோமான் சுல்தான்கள் வாழ்ந்த டோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. கிராண்ட் பஜார் ஞாயிறன்று மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மசூதிகளில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. புதனும் வியாழனும் தொல்லை இல்லாத நாட்கள். தொழுகை நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், முந்தைய இரவே கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா எடுத்துப் போனால் போதும்.

2. டிராமில் போங்கள்

நிலையத்து இயந்திரத்தில் இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றுங்கள். டி1 டிராமில் ஏறி சுல்தானஹ்மெத் நிறுத்தத்தில் இறங்கினால், முதல் நாள் பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கும் தூரத்தில்தான்.

3. ஹிப்போட்ரோம்

டிக்கெட் கிடையாது. காலையில் கூட்டம் சேருமுன் போய்விடுங்கள். நடுவில் நிற்கும் கல்தூண் எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸ் செய்வித்தது, வயது ஏறக்குறைய 3,500 ஆண்டுகள். 390-ல் பேரரசர் தியோடோசியஸ் இதை இங்கே நிறுத்தினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் குனிந்து பீடத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பேரரசர் கையில் வெற்றி மாலையோடு நிற்கிறார், அவர் காலடியில் ஆடுபவர்களும் இசைப்பவர்களும். பீடத்தின் கீழ்க்கல்லில் இந்தத் தூணையே தூக்கி நிறுத்தும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. தூணை நிறுத்த 30 நாள் ஆனதாக லத்தீன் கல்வெட்டு சொல்கிறது, கிரேக்கக் கல்வெட்டு 32 நாள் என்கிறது. இரண்டும் ஒரே பீடத்தில்!

பக்கத்திலேயே, கி.மு. 479-ல் பிளாட்டியா போரில் பாரசீகர்களை வென்றதற்காகக் கிரேக்கர்கள் டெல்ஃபி கோவிலில் நட்ட வெண்கலப் பாம்புத் தூண். பாம்புகளுக்குத் தலைகள் இல்லை. உடைந்த ஒரு தலையின் மேல்பாதி மட்டும் இந்நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

4. நீல மசூதி

மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. 1609-ல் சுல்தான் முதலாம் அகமது கட்டத் தொடங்கினார், ஆறு மினார்கள் கொண்டது. கட்டணம் இல்லை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், சுவர்களில் பதித்த இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகளைப் பாருங்கள்.

5. ஹாகியா சோபியா

இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜஸ்டினியன் 532-ல் தொடங்கி 537-லேயே கட்டி முடித்தார். ஏறத்தாழ 31 மீட்டர் அகலக் குவிமாடத்தின் அடியில் 40 சன்னல்கள். அவற்றின் வழியாக வெளிச்சம் வரும்போது குவிமாடம் எதன்மேலும் உட்காராததுபோலத் தெரியும். முதல் குவிமாடம் 558-ல் இடிந்து, 562-ல் இன்னும் உயர்த்திக் கட்டினார்கள். 1453-ல் ஓட்டோமான்கள் நகரைப் பிடித்ததும் மசூதியானது, 1935-ல் அருங்காட்சியகம், 2020-ல் மறுபடி மசூதி.

2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்குத் தனி வாசல், கட்டணம், மேல்மாடம் மட்டும். கீழ்த்தளம் தொழுகைக்கு. ஏமாற்றமாக நினைக்காதீர்கள், மேலேதான் பொக்கிஷங்கள். தெற்குப் பக்கத்தில் தீசிஸ் மொசைக்கைத் தேடுங்கள், சின்னக் கற்களைப் பதித்துச் செய்த சுவர்ச் சித்திரம் அது. கீழ்ப்பகுதி உதிர்ந்துபோனாலும் கிறிஸ்து, மரியாள், திருமுழுக்கு யோவான் மூவரின் முகங்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு முழம் தள்ளி நின்றால் கன்னத்தின் நிழல்கூடச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கற்களால் ஆனது என்று புரியும். அதற்கு எதிரே தரையில் என்ரிகோ டான்டோலோ பெயர் பொறித்த கல். 1204-ல் இந்நகரைச் சூறையாடிய சிலுவைப் படையோடு வந்த வெனிஸ் தலைவர் அவர். குவிமாடச் சீரமைப்புக்காகச் சாரம் கட்டியிருக்கலாம், அதற்காக இந்த இடத்தைத் தவிர்த்துவிடாதீர்கள்.

6. நிலத்தடி நீர்த்தொட்டி

சாலையைக் கடந்தால் யெரெபதான். இதுவும் ஜஸ்டினியன் கட்டியதுதான். 336 தூண்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர் உயரம். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்துவந்த கற்கள் என்பதால் தூண்களின் தலைப்புகள் ஒன்றுபோல் இருக்காது. கோடியில் இரண்டு தூண்களுக்கு அடியில் கிரேக்கப் புராணத்தில் பாம்புகளையே கூந்தலாகக் கொண்ட மெதூசாவின் தலைகள், ஒன்று தலைகீழாக, இன்னொன்று பக்கவாட்டில். படிகள் ஈரமாக இருக்கும், பிடிப்பான செருப்பு போடுங்கள்.

7. டோப்காப்பியை மறுநாளுக்கு வையுங்கள்

முதல் நாளிலேயே இதையும் திணிக்க வேண்டாம். அரச குடும்பத்துப் பெண்கள் வாழ்ந்த ஹாரெம் பகுதியோடு சேர்த்துப் பார்க்க அரை நாள் ஆகும். அதை முடித்துவிட்டு டி1-ல் எமினோனு இறங்கி, மேடேறி சுலைமானியே மசூதிக்குப் போங்கள். ஓட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் 1557-ல் முடித்த கட்டடம், கட்டணம் இல்லை, நீல மசூதியைவிடக் கூட்டமும் குறைவு. வளாகத்துக்கு வெளியே வடக்கு மூலையில் சினானின் சின்னக் கல்லறை இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.