மேடையில் வில் நடுங்கினால்

வயலினில் பதற்றம் முதலில் தெரிவது வலது கையில்தான், அதுவும் மெல்லிய ஒலியில் வில்லை நீளமாக இழுத்துக் கார்வை (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) பிடிக்கும்போது. அட்ரினலின் ஏறியதும் கட்டைவிரல் வில்லை இறுக்கும், மூச்சு நிற்கும், இறுக்கம் நடுக்கத்தை இன்னும் பெரிதாக்கும். கையை ஆடாமல் பிடிக்க முயன்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்குப் பலன் தந்தது படபடப்போடு செய்த சாதகம் (பயிற்சி). இரண்டு மாடி வேகமாக ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து, சுருதிப் பெட்டியை ஓடவிட்டு மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில் (நடு ஸ்தாயியின் 'ஸ') 8 விநாடிக்கு ஒரு வில் இழுப்பு. நடுங்கினாலும் நிறுத்தக் கூடாது. கட்டைவிரலைத் தளர்த்தி, தோளிலிருந்து கையின் எடையை இறக்கி, வில்லைச் சற்றே வேகமாக இழுக்க வேண்டும். கூடவே 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட வேண்டும்.

கச்சேரிக்கு முன் கை ஜில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் 2 நிமிடம் வைக்கலாம். ஈரம் போகத் துடைக்காவிட்டால் விரல் தந்தியில் வழுக்கும். மாலைக் கச்சேரி என்றால் காபி காலையோடு சரி. தொடக்கத்துக்குக் கை பழகிய வர்ணம்தான் (கச்சேரியை ஆரம்பிக்க வாசிக்கும் உருப்படி). எடுத்த எடுப்பில் மெதுவாக நீளும் விளம்ப ராக ஆலாபனை வேண்டாத வம்பு.

படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் ப்ரோப்ரனலோல் மாத்திரையைச் சிலர் கைமாற்றாக வாங்கிப் போடுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், அதையும் முதலில் கச்சேரி இல்லாத நாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.