பின் பிரேக் டிரம் கழண்டு வந்த கதை - என் அனுபவம்

காரைக்குடி வீட்டுல மழைக்காலம் முழுக்க ஹேண்ட்பிரேக் போட்டபடியே நின்ன பழைய கார், எடுக்கப்போனா பின்னாடி இடது சக்கரம் சுத்தவே இல்ல, தரையில இழுத்துக்கிட்டே வந்துச்சு. வீல் ஈசியா கழண்டுருச்சு, அதுக்குப் பின்னாடி பிரேக்கை மூடியிருக்கிற இரும்பு டிரம்தான் அசையல.

சுத்தியல்ல ரப்பர் வச்சு சுத்தி சுத்தி தட்டுனேன், டபிள்யூடி-40ங்கிற துரு இளக்குற ஸ்ப்ரேயை நடுவுல, டிரம் உக்காந்திருக்கிற ஹப் ஓரமா மட்டும் அடிச்சு (உள்ள டிரம்மை உரசி நிறுத்துற ஷூவோட லைனிங்ல பட்டா பிரேக் பிடிக்காது) ராத்திரி முழுக்க ஊறவிட்டேன், கல்லுக்கட்டி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல புல்லர் (டிரம்மை இழுத்துக் கழட்டுற கருவி) வாங்கிட்டு வந்து மாட்டுனா அதோட கால் வழுக்கிட்டே போகுது. வேஸ்ட்.

அப்புறம்தான் டிரம் முகத்துல வீல் மாட்டுற ஸ்டட்டுக்கு நடுவுல எதிரெதிரா ரெண்டு சின்னக் குழி கண்ணுல பட்டுச்சு. பாத்தா சும்மா துரு மாதிரி இருக்கும், ஆனா ஆணியால சுரண்டுனா உள்ள மரை! டிரம்மை வெளிய தள்ளுறதுக்குன்னே கம்பெனில போட்டு வச்ச ஓட்டை அது. என் கார்ல 8 எம்எம், 1.25 பிட்ச் (மரை இடைவெளி) போல்ட் சரியா உக்காந்துச்சு.

முதல்ல ஹேண்ட்பிரேக்க இறக்கி கேபிள் நட்டையும் லூஸ் பண்ணிட்டேன், இது ரொம்ப முக்கியம், தேஞ்ச டிரம்ல உள் ஓரம் மேடு விழுந்து ஷூவைப் பிடிச்சுக்கும். ரெண்டு போல்டையும் மாத்தி மாத்தி கால் சுத்து, கால் சுத்துன்னு முறுக்குனேன். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினா டிரம் கோணிக்கும், வெடிச்சாலும் வெடிக்கும். டப்புன்னு ஒரு சத்தம், கையோட வந்துருச்சு. அப்பாடா!

ஹப் ஓரத்த எமரி பேப்பர் போட்டுத் தேச்சு, மெல்லிசா கிரீஸ் தடவி மாட்டியாச்சு.