புகையிலைக் கொட்டிலைத் தையற்கூடமும் வீடுமாக மாற்றுவது

யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பக்கச் செம்மண் தோட்டங்களில் புகையிலை உலர்த்தப் போட்ட பழைய கொட்டில்கள் இன்னும் நிற்கின்றன. தூணாகப் பனங்கப்பு, கூரைச் சட்டமாகப் பனஞ்சலாகை, மேலே தென்னோலைக் கிடுகு. இடித்துவிட்டுக் கல்வீடு கட்டச் சொல்பவர்களே அதிகம். இடிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்புவின் கொட்டிலில் பகலில் தைக்கிறேன். இரவில் அங்கேயே பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுக்கிறேன். நடுவில் சுவரே இல்லாத அந்த அகலத்தைப் புதிதாகக் கட்டுவதென்றால் நம்மால் செலவு தாங்க முடியாது. அதை அறைகளாகத் துண்டாடிவிட்டால் கொட்டிலை வைத்திருந்தும் பயனில்லை. தண்ணீரும் கரண்டும் நிலையாக இருக்கட்டும். மற்றவை நகரக்கூடியவையாக இருக்கட்டும்.

முதலில் மரத்தைப் பாருங்கள். பனைக்கு வைரம் என்ற கடின மரம் வெளிப்புறத்தில், உள்ளே மென்மையான சோறு. கறையான் உள்ளே தின்றுகொண்டு போகும்போது வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கப்பையும் அடியிலிருந்து சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் உளிமுனையால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் மண்ணில் புதைந்த அடிதான் உக்கியிருக்கும். மேலே கப்புகளின் தலையில் கிடக்கும் வளைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, அந்த அடியை அறுத்தெடுத்து, கொங்கிறீற் பீடத்தில் பதித்த இரும்புத் தகட்டோடு கப்பைப் போல்ட் போட்டு இறுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கப்பு மட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மண்ணுக்குள் ஊன்றிய கப்பு காற்றைத் தானே தாங்கும். பீடத்தின் மேல் நிற்கும் கப்பு தாங்காது. ஆகவே கப்பும் வளையும் சேரும் மூலைகளில் சாய்வுச் சட்டம் போடும்படி தச்சுவேலை செய்யும் ஓடாவியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வைரத்தில் ஆணி வளைந்துவிடும். துளையிட்டே பூட்ட வேண்டும். மாற்று மரத்துக்குப் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் விசாரியுங்கள். நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், எனக்கு அதைத் தறிக்க மனமும் வராது.

அடுத்தது புகைக்கரி. தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துப் புகை போட்ட கொட்டிலென்றால் சலாகையை விரலால் தடவிப் பாருங்கள்: கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டும். உலர்ந்த இடத்தில் அது செதில் செதிலாக உதிரும். ஒரு செதில் வெள்ளைச் சட்டைத்துணியில் விழுந்து, அதன்மேல் ஸ்திரிப்பெட்டியும் ஓடிவிட்டால் அந்தத் துணி போனதுதான். முகக்கவசம் கட்டிக்கொண்டு, முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தும்புத் தூரிகையால் உலரவே தேயுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். வாளியால் ஊற்றினால் வெடிப்புகளுக்குள் நீர் தங்கிவிடும். மரம் நன்றாகக் காய்ந்த பின் கறையான் மருந்து, அதற்கு மேல் அரக்குப் பொலிஷ். கரியும் புகையிலை மணமும் அதற்குள் அடங்கிவிடும். இந்த வேலையை வெயில் மாதங்களில் முடித்துவிடுங்கள்.

கிடுகுக்குக் கீழே ஸ்திரிப்பெட்டியும் துணியும் வைத்திருப்பது ஆபத்து. நான் ஓடு போட்டேன். கிடுகுக் கூரையின் சரிவு ஓட்டுக்குப் போதும். பாரத்துக்குத்தான் கூடுதல் சலாகை தேவைப்படும். சோளகக் காற்று வரும் தெற்கு, மேற்குப் பக்கங்களைத் திறந்து மூடும் பலகைகளாக விடுங்கள். மாரி மழை வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கும் வடகிழக்கில் அரைச்சுவரும் நீண்ட தாழ்வாரமும் வேண்டும். நிலத்தை முற்றத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி, பொலித்தீன் விரித்து, அதன்மேல் சீமெந்து போடுங்கள்.

கரண்டுக் குழாயைக் கப்போடு சேர்த்து இறக்கி, ஒவ்வொரு கப்பிலும் இடுப்பளவு உயரத்தில் பிளக் வையுங்கள். மெஷினை எங்கே இழுத்தாலும் வயர் நிலத்தில் கிடக்காது. கரண்டு கசிந்தால் தானே அறுக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இணைப்பைத் தொடக்கூடாது.

கழிப்பறையைக் கொட்டிலுக்கு வெளியே கட்டுங்கள். நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்புகள் வழியாகக் கழிவு நேரே கிணற்றுக்குப் போய்விடும். குழி அடியும் சுவரும் பூசப்பட்ட தொட்டியாக, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதைப் பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே பிரிப்பதற்குத் தட்டிகள் போதும். மரச்சட்டம், நடுவில் பனையோலைப் பாய், அடியில் சில்லு. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றைக் கீல் போட்டுக் கப்போடு பூட்டினால் பகலில் அது துணி வெட்டும் மேசை; மாலையில் மடித்து நிறுத்தினால் பாய் விரிக்க இடம். தீபாவளி நெருங்கும்போது தட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முழுக் கொட்டிலையும் தையலுக்கு எடுத்துக்கொள்கிறேன். கையில் பணம் குறைவென்றால் கப்பையும் கூரையையும் முதலில் முடியுங்கள். தட்டிகள் பிறகு வரட்டும். அதுவரை கம்பி கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிடலாம்.