கோ-கோ மேட்ச்சைப் புரிந்து பார்ப்பது எப்படி?

2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையின் இறுதிப்போட்டி வீடியோவை எடுங்கள். நேபாளத்தை இந்திய ஆண்கள் 54-36, பெண்கள் 78-40 என்று வென்ற ஆட்டங்கள். ஓடுகிறவரையே பார்க்காதீர்கள், தலை சுற்றும். துரத்துகிறவரைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஓட ஆரம்பித்தால் ஆடுகளத்தின் முனையில் நிற்கும் கம்பம் வரை போகாமல் திரும்ப முடியாது, நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தன் அணியினரிடையே புகுந்து அந்தப் பக்கம் போகவும் கூடாது, அதனால்தான் அவர்களில் ஒருவர் முதுகில் தட்டி "கோ" என்று கத்தி வேலையை ஒப்படைக்கிறார். உட்கார்ந்திருப்பவர்கள் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார்வதும் இதற்காகத்தான். ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக வருவார்கள். ஒருவரைத் தொட்டால் 2 புள்ளி. அப்புறம் கம்பத்தடி! அங்கே பாய்ந்து தொடுவதை மட்டும் ஸ்லோமோஷனில் பாருங்கள், எனக்கு அதுதான் ஆட்டமே.